பெர்லின் பின்கட்டு வீடு: ஏழு குளிர்காலங்களுக்குப் பிறகு

கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் பின்னால் படித்த தம்பி ஒருவன் வேலை மாறி பெர்லினுக்கு வருகிறான். போன வாரம் நான்கைந்து படங்களை அனுப்பி, "அக்கா, வெட்டிங் பக்கம் ஒரு வீடு கிடைக்கும்போல இருக்கு. பழைய கட்டடம், பின்கட்டு, மூணாவது மாடி. எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தான். அந்தச் செய்தி வந்த நேரத்தில் என் படுக்கையறைச் சுவரை ஒருவர் உளி வைத்துக் கொத்திக்கொண்டிருந்தார். பூஞ்சைக்காக நடக்கும் மூன்றாவது பழுதுபார்ப்பு. கோபத்தில் ஏதாவது சொல்லிவிடக்கூடாது என்று அன்றைக்குப் பதில் போடவில்லை.

நான் இருப்பதும் பெர்லினின் அதே வெட்டிங் பகுதியில்தான். லெயோபோல்ட்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து நடக்கும் தூரம், 1880களில் கட்டிய பின்கட்டு, அதாவது தெருவைப் பார்க்காமல் முற்றத்துக்குப் பின்னால் நிற்கும் கட்டடம், 52 சதுர மீட்டர், 2018 அக்டோபரில் குடிவந்தோம். வாடகைக் கணக்கு, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர் என்று காட்டும் ஷூஃபா சான்று, மூன்று மாதக் கால்ட்மீட்டெ (ஹீட்டர் போன்ற செலவுகள் சேராத வாடகை) முன்பணம், பதிநான்கு நாளைக்குள் முகவரிப் பதிவு, இதெல்லாம் அவனுக்கே தெரியும். இரண்டு அறை வீடு என்றால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை என்பதும், பல வீடுகளில் சமையலறையை ஏறக்குறைய வெறுமையாகவே வைத்துச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள் என்பதும் தெரியும். நான் சொல்ல நினைப்பது சன்னல்களைப் பற்றி.

எங்கள் வீட்டில் இரண்டு வகைச் சன்னல் இருக்கிறது. ஹாலிலும் சமையலறையிலும் இருப்பவை பழைய காஸ்டன்ஃபென்ஸ்டர், அதாவது பெட்டிச் சன்னல். வெளியே ஒரு மரச்சட்டம், உள்ளே ஒரு மரச்சட்டம், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கைப்பிடி பித்தளை, திருகினால் மேலேயும் கீழேயும் ஒரு கம்பி ஏறி இறங்கும். கண்ணாடி சில இடங்களில் லேசாக அலையடித்தாற்போல இருக்கும். எதிர்ச் சுவரைப் பார்க்கும்போது தலையை அசைத்தால் செங்கல்லும் கூடவே நெளியும்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே இந்த இடைவெளி என்ன வேலைக்கு ஆகும் என்று தெரிந்துவிட்டது. தோசை மாவைத் துண்டில் சுற்றி இரவு ஹீட்டர் மேல் வைத்தால் காலையில் பாத்திரத்தின் விளிம்பு வரை பொங்கியிருக்கும். அதற்கு மேல் புளிக்காமல் இருக்க எடுத்து இரண்டு சட்டத்துக்கும் நடுவில் வைத்துவிடுவேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பால், தயிர், மாவு மூன்றும் அங்கேதான். அம்மா வந்து மூன்று மாதம் தங்கியபோது அந்தச் சன்னலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஊருக்குப் போனபிறகும் போனில் "மாவை சன்னல்ல வச்சியா?" என்று கேட்பார். ஒரு வாடகை வீட்டின் மேல் இவ்வளவு பிரியம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

படுக்கையறையில் இருப்பது வேறு. நாங்கள் வருவதற்கு முன்பே அங்கே பழைய சன்னலைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் சட்டம் போட்ட இரட்டைக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். விளம்பரத்தில் அதைப் பெருமையாகவே போட்டிருந்தார்கள். சாத்தினால் முற்றத்தில் யாரோ கண்ணாடிப் பாட்டிலைத் தொட்டியில் எறிகிற சத்தம்கூடக் கேட்காது. பார்க்க வந்த அன்றைக்கு எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

இரண்டாவது குளிர்காலத்தில் பீரோவை நகர்த்தினோம். வெளிச்சுவர் மூலையில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, கரித்தூள் தெளித்தாற்போலப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. பீரோவின் முதுகுப் பலகையிலும் ஏறியிருந்தது. உள்ளே கீழ்த்தட்டில் இருந்த கல்யாணப் புடவையின் அட்டைப்பெட்டி மெத்தென்று ஊறியிருந்தது. புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வாடை அதிலிருந்து போக இரண்டு கோடைகாலம் ஆனது.

வீட்டை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு எழுதினேன். வந்த பதிலை இன்னும் வைத்திருக்கிறேன். நாளுக்கு மூன்று முறை சன்னலை முழுவதும் திறந்து காற்று மாற்ற வேண்டுமாம், ஆவி அதிகம் எழும் சமையலைக் குறைக்க வேண்டுமாம், "உங்கள் சமையல் பழக்கம்" இதற்குக் காரணமாக இருக்கலாமாம். காற்று மாற்றச் சொன்னது நியாயம், அது இங்கே எல்லோரும் செய்வது. ஆனால் அந்தக் கடைசி வரி என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. நம் சமையலைக் குற்றம் சொல்லும் ஒரு வரியை எவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறார்கள்.

ஏனென்றால் இட்லி அவிப்பதும் குக்கர் விசில் அடிப்பதும் சமையலறையில். அங்கே ஏழு வருடத்தில் ஒரு புள்ளி பூஞ்சை கிடையாது. பூஞ்சை பிடித்தது யாருமே சமைக்காத அறையில்.

காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். வீட்டுக்குள் இருக்கும் ஈரம் எந்த இடம் அதிகமாகக் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய் ஒட்டும். சமையலறையில் மிகக் குளிர்ந்த இடம் பெட்டிச் சன்னலின் வெளிக்கண்ணாடி. ஈரம் அதன் உள்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்து வழியும், காலையில் ஒரு துணியால் துடைத்துவிட்டால் முடிந்தது. சட்டங்களின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்றும் போய்வரும். படுக்கையறையிலோ புதுச் சன்னலின் கண்ணாடி சுவரைவிடக் கதகதப்பாக இருக்கிறது, ரப்பர் பட்டை காற்றை விடுவதே இல்லை. சுவர் மட்டும் அதே பழைய செங்கல் சுவர், அதற்குக் குளிர் தாங்கும் காப்பு எதுவும் சேர்க்கவில்லை. அப்புறம் ஈரம் எங்கே போகும்? அறை 20 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 50 விழுக்காடு என்று சாதாரணமாக இருந்தாலே, சுவரின் மேற்பரப்பு 12.6 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை வளர இடம் கிடைத்துவிடுகிறது. ஜனவரியில் பீரோ மறைத்த மூலை அதற்கும் கீழே போகும். பாதி வேலையைச் செய்து பாதியை விட்டவர்கள் பழியை என் அடுப்பின் மேல் போட்டார்கள்.

ஈரப்பதமானி ஒன்று வாங்கி இரண்டு குளிர்காலம் நோட்டுப் போட்டுக் குறித்துவைத்தேன். காலை, மாலை, படுக்கப் போகும்முன், பத்து நிமிடம் சன்னல் திறந்தது உட்பட. அந்த நோட்டோடு வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்தேன். அங்கே ஓர் அம்மா பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் நிர்வாகத்தின் பேச்சு மாறியது. பூஞ்சை இருந்த மாதங்களுக்கு வார்ம்மீட்டெயில், அதாவது ஹீட்டர் செலவும் சேர்ந்த வாடகையில், 10 விழுக்காடு குறைத்துக்கொண்டார்கள். ஆனால் சுவருக்கு முதல்முறை செய்தது மருந்தடித்து வெள்ளை பூசியது மட்டும். இரண்டாவது முறையும் அதே. இந்த மூன்றாவது முறைதான் பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்து, 3 சென்டிமீட்டர் கால்சியம் சிலிக்கேட் பலகை ஒட்டியிருக்கிறார்கள். ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும் பலகை. வந்தவர் கெட்டிக்காரர். வேலையை முடித்துவிட்டு, "இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்" என்று அவராகவே சொன்னார்.

இந்த வீட்டின் நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். ஏழு வருடத்தில் யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. ஒப்பந்தத்துக்கு முடிவு தேதி கிடையாது. நாங்கள் போக நினைத்தால் மூன்று மாத அறிவிப்பு போதும். வீட்டுக்காரர் அனுப்ப நினைத்தால் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் வேண்டும், ஐந்து வருடம் தாண்டியவர்களுக்கு ஆறு மாதமும் கொடுக்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்திலேயே வளர்ந்த எனக்கு இந்த நிம்மதி பெரிது. வாடகை ஏறியிருக்கிறது, ஆனாலும் இன்றைக்கு இதே தெருவில் புதிதாக வருபவர்கள் கேட்கும் தொகையைக் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறேன். நடுவில் 2020இல் பெர்லின் அரசு வாடகை உச்சவரம்புச் சட்டம் கொண்டுவந்து, அந்த நவம்பரிலிருந்து எங்களுக்கு மாதம் 140 யூரோ குறைந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. அதுவரை குறைந்திருந்ததை எல்லாம் சேர்த்துத் திருப்பிக் கட்டினோம். அது வீட்டின் குற்றமில்லை, எடுத்துவைத்திருந்ததால் தப்பித்தோம். வெளிச்சமும் குறைவுதான்; மே முதல் ஜூலை வரை மட்டும் மதியத்தில் ஒரு மணி நேரம் அடுப்பு மேடை மேல் வெயில் விழும். பின்கட்டு என்று தெரிந்தே எடுத்ததால் அதில் எனக்குக் குறையில்லை.

தம்பிக்கு நேற்று இரவு பதில் எழுதினேன். வீட்டைப் பார்க்கப் போகும்போது பீரோவுக்குப் பின்னால் பார், வெளிச்சுவர் மூலையில் கையை வைத்துப் பார், எந்தச் சன்னல் புதியது, சுவருக்குக் காப்பு போட்டார்களா என்று வாய்விட்டுக் கேள், பதிலை மின்னஞ்சலில் வாங்கு என்று எழுதினேன். அதோடு, எடுக்காதே என்றும் எழுதிவிட்டேன். இவர் படித்துவிட்டு, "ஏழு வருஷமா நாமதானே இருக்கோம், அவனை ஏன் வேண்டாங்கற?" என்று கேட்டார். போன மாதம் கேட்டிருந்தால் எடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

போன வாரம் சுவர் வேலைக்கு வந்தவரோடு இன்னொருவரும் வந்தார். அவர் படுக்கையறைப் பக்கமே போகவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், பெட்டிச் சன்னலைத் திறந்து, உள்ளே இருந்த மாவுப் பாத்திரத்தை மரியாதையாக எடுத்து மேடையில் வைத்துவிட்டு, டேப்பை நீட்டி அகலமும் உயரமும் அளந்தார். எதற்கு என்று கேட்டேன். நவீனப்படுத்தப் போகிறார்கள், கடிதம் வரும் என்றார். அந்தச் செலவில் 8 விழுக்காடு வரை வருட வாடகையில் ஏற்றச் சட்டம் இடம் கொடுக்கிறது. சமையலறைச் சுவருக்கும் காப்பு போடுவார்களா என்று கேட்டேன். அது தன் வேலைப் பட்டியலில் இல்லை என்றார்.

கடிதம் இன்னும் வரவில்லை. படுக்கையறைப் பூச்சு காயும்வரை பீரோ ஹாலின் நடுவில் நிற்கிறது. வாடகைதாரர் சங்கத்தில் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், நோட்டையும் எடுத்துவைத்திருக்கிறேன்.