பிள்ளையின் மூன்றாவது ஊசி, திருகோணமலையில்

மகனுக்குப் பதினாறு வாரம் முடிகிற கிழமையில்தான் லண்டனிலிருந்து ஊருக்குப் போக எங்களுக்கு லீவு கிடைத்தது. இங்கிலாந்தில் ஆறு நோய்க்கான ஒற்றை ஊசியை 8, 12, 16 வாரங்களில் போடுவார்கள். மூன்றாவதை ஊரிலேயே போடலாம், ஆனால் மருந்தின் பெயரும் லொட் இலக்கமும் (எந்தத் தொகுதியில் செய்த மருந்து என்று காட்டும் இலக்கம்) எழுதி வாங்கி வரவேண்டும் என்று சொல்லித்தான் எங்கள் நர்ஸ் அனுப்பினார்.

கொழும்பில் தனியார் இடமொன்றுக்கு முன்கூட்டியே போன் எடுத்தோம். "இருக்கு, வாங்கோ" என்றார்கள். போய் இறங்கினால் முடிந்துவிட்டதாம், அடுத்த கிழமை வரட்டாம். கட்டிய பதிவுக் காசைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

திருகோணமலை வீட்டில் அம்மா சிரித்தா. "உதுக்கு ஏன் கொழும்பு? புதன்கிழமை கிளினிக் இருக்கு, மிட்வைஃப் என்ர பழக்கம்."

போனோம். பொலித்தீன் பைக்குள் பத்திரமாகச் சுற்றிய வளர்ச்சிப் பதிவேட்டோடு ஒவ்வொரு தாயும் வாங்கில் இருந்தார்கள். என் கையில் மட்டும் பிள்ளையின் ஊசி விவரம் எழுதும் லண்டன் சிவப்புப் புத்தகம். மிட்வைஃப் மிஸ் அதை வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு போய், ஒரு இடத்தில் நிறுத்தினா.

"இது மூண்டாவதோ அம்மா? எங்கட பிள்ளையளுக்கு நாலு மாதத்தில ரெண்டாவதுதானே."

இலங்கையில் 2, 4, 6 மாதங்களில் போடுகிறார்கள். கணக்கு அங்கேதான் இடித்தது. டொக்டர் வந்து, போன ஊசிக்கும் இதற்கும் நாலு கிழமை இடைவெளி இருக்கிறதா என்று திகதியை எண்ணிப் பார்த்தார். இருந்தது. போடலாம் என்றார்.

இங்கே இருப்பது ஐந்துக்கான ஊசி: தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரலழற்சி பி, ஹிப் (மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கிருமி). லண்டனில் ஆறாவதாக அதே சிரிஞ்சுக்குள் வரும் போலியோ இங்கே தனி. வாயில் சொட்டு விட்டார்கள் (இங்கிலாந்து 2004இலேயே சொட்டை விட்டு ஊசிக்கு மாறிவிட்டது), பிறகு கையில் தோலுக்குள்ளே மெல்லிய ஊசியால் போலியோ மருந்து 0.1 மில்லிலீற்றர், முழு அளவில் ஐந்திலொன்று. தோல் சின்னக் கொப்புளம்போல எழும்பி நின்றது. மகன் தொடை ஊசிக்கு அழுததைவிட இதற்குத்தான் கத்தினான். இருபது நிமிடம் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். எவ்வளவு காசு என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த தாய்மார் சிரித்தார்கள்.

இரவு காய்ச்சல் வந்தது. லண்டனில் முதல் இரண்டுக்கும் உடம்பு இலேசாகச் சுட்டதோடு சரி, இங்கே 38.6. இதை மிஸ் முதலே சொல்லியிருந்தா: இங்கத்தைய குக்கல் மருந்து கிருமியை முழுதாகக் கொன்று செய்வது, அங்கத்தையது கிருமியின் சில துண்டுகள் மட்டும், அதனால் இதற்குக் கொஞ்சம் கூடக் காயும். நிறைக்கு ஏற்ற பனடோல் சிரப் அளவையும் துண்டில் எழுதித் தந்திருந்தா. அம்மா திருநீறும் பூசினா, மறுக்கவில்லை. விடிய ஒன்பது மணிக்கு ஸ்கூட்டர் சத்தம். மிஸ்தான், போகிற வழியில் பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறா. லண்டனில் ஒரு போனுக்கே எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறோம்!

ஒன்பது மாதப் பிள்ளையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே ஒன்பது மாதத்தில் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) போடுவார்கள். போடுவது நல்லதுதான், ஆனால் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதை இங்கிலாந்தில் கணக்கில் எடுப்பதில்லை, திரும்பவும் போடுவார்கள். "அங்க போட்டாச்சே" என்று நர்ஸோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

திரும்பி வந்ததும் சிவப்புப் புத்தகத்தை நீட்டினேன். மிஸ் லொட் இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, கீழே ஊதா மையில் முத்திரை குத்தியிருந்தா. நர்ஸ் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டு, ஊர்ப் பெயரில் வந்து நின்றார். ஒவ்வொரு எழுத்தாக நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.