லிங்க்கா, இம்போர்ட்டா, ஸ்டைல் டேக்கா?

ஏ9 வீதியில் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே போங்கள். சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும் இடத்தில் நின்று நீங்கள் செய்த தளத்தை ஃபோனில் திறந்து பாருங்கள். பக்கத்தின் நிறம், எழுத்து, இடைவெளி எல்லாவற்றையும் சொல்லும் விதிகளான சிஎஸ்எஸ்ஸை எந்த வழியில் சேர்த்தீர்கள் என்பது அங்கேதான் உறைக்கும். கிளிநொச்சியில் வைஃபையோடு இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

பக்கத்தின் தலைப்பு, பந்தி என்று ஒவ்வொன்றையும் குறிக்கும் எச்டிஎம்எல் டேக்குகளில், டேக்குக்கு டேக் உள்ளேயே ஸ்டைல் எழுதும் வழியை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன். ஒரு கமக்காரர் சங்கத்துத் தளம், நெல் விலை, உரம், குளத்து நீர் அறிவித்தல் என்று முப்பது பக்கம் என்று வையுங்கள். வரி உயரம் எழுத்தளவின் 1.2 மடங்காக இருந்தால் மேல்வரி 'கூ'வின் சுழி கீழ்வரி 'கீ'யின் தலையில் இடிக்கும். அதை 1.7 ஆக்க முப்பது பக்கத்திலும் பந்தி பந்தியாகப் போக வேண்டும். சுட்டி மேலே வந்தால் தோற்றம் மாற்றும் ஹோவர், திரை அளவுக்கேற்ப மாற்றும் மீடியா குவெரி இரண்டையும் அங்கே எழுதவும் முடியாது. மின்னஞ்சலுக்கு மட்டும் சரி. பக்கத்தின் தலைப்பகுதியில் விதிகளை மொத்தமாக எழுதும் ஸ்டைல் டேக்கைச் சில மெயில் செயலிகள் கழற்றி எறிந்துவிடும்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒற்றைப் பக்க அறிவித்தலா? ஸ்டைல் டேக்தான் கெட்டித்தனம். பக்கத்தோடேயே வந்துவிடும், இன்னொரு கோப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பக்கங்கள் கூடினால் அதே விதிகளை ஒவ்வொரு பக்கத்துக்கும் திரும்பத் திரும்ப இறக்க வேண்டும். டேட்டா வாசகருடைய காசு.

உண்மையான போட்டி லிங்க்குக்கும் இம்போர்ட்டுக்கும்தான். இரண்டும் தனிக் கோப்பில் உள்ள விதிகளை அழைப்பவை: லிங்க் பக்கத்திலிருந்து, இம்போர்ட் இன்னொரு சிஎஸ்எஸ் கோப்புக்குள்ளிருந்து. லிங்க் எச்டிஎம்எல்லின் தலைப்பகுதியிலேயே இருப்பதால் உலாவி அதைக் கண்ட உடனே கோப்பைக் கேட்கும். மூன்று லிங்க் என்றால் மூன்றையும் ஒன்றாகவே கேட்கும். இம்போர்ட் அப்படியல்ல. முதல் கோப்பு வந்து, அதைப் படித்த பிறகுதான் இரண்டாவது இருப்பதே தெரியும். போய்வர அரை வினாடி எடுக்கும் இணைப்பில் குறைந்தது இன்னோர் அரை வினாடி போகும், அதுவரை திரை வெள்ளை. சாதாரண விதிகளுக்குக் கீழே இம்போர்ட்டை எழுதினால் உலாவி சத்தமில்லாமல் விட்டுவிடும். நெட்ஸ்கேப் 4 என்ற பழைய உலாவிக்கு இம்போர்ட் புரியாது என்பதால் அதனிடமிருந்து விதிகளை ஒளிக்க ஒரு காலத்தில் இது உதவியது. இப்போது அந்தத் தேவையும் இல்லை. பிறர் எழுதிய சிஎஸ்எஸ்ஸை லேயர் என்ற முன்னுரிமை அடுக்குக்குள் அடக்க வேண்டுமென்றால் மட்டும் இம்போர்ட்டைத் தொடுவேன்.

லிங்க்கிலும் ஒரு தொல்லை உண்டு. ஒருமுறை இறக்கிய கோப்பை ஃபோன் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்வதால் அடுத்த பக்கங்கள் சட்டென்று திறக்கும், ஆனால் நீங்கள் நிறத்தை மாற்றினாலும் சங்கத் தலைவருக்குப் பழைய பச்சைதான் தெரியும். மாற்றும்போதெல்லாம் கோப்பின் பெயரோடு ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்துவிடுங்கள், அந்தத் தொலைபேசி அழைப்பு வராது.