டைமர் ஃப்ரிட்ஜ், போர்டு ஃப்ரிட்ஜ்: ஐஸ் உருகாவிட்டால் எதில் எங்கே தேடுவது?

கீழ்த்தட்டில் பால் திரிகிறது, மேலே ஐஸ்கிரீம் இளகுகிறது, கம்ப்ரசரோ நிற்காமல் ஓடுகிறது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் இப்படியானால், கேஸ் ஏற்றச் சொல்வதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். அங்குள்ள காயில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) தெரியாதபடி ஐஸ் அடைத்திருந்தால் டிஃப்ராஸ்ட் கோளாறு, அதாவது ஹீட்டர் அவ்வப்போது பனியை உருக்கும் வேலை நடக்கவில்லை. ஒரு மூலையில் மட்டும் பனி இருந்தால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும்.

ஐஸை உடனே உருக்கிவிடாதீர்கள். டைமர் வகையில், அதாவது கடிகாரம் போன்ற ஒரு டைமர் ஹீட்டரைப் போடும் ஃப்ரிட்ஜில், முக்கியமான சோதனைக்கு அந்த ஐஸ் வேண்டும். பலகையை மாட்டி ஃப்ரிட்ஜை ஓட விடுங்கள். டைமரின் பிளாஸ்டிக் தண்டை ஸ்க்ரூ டிரைவரால் கடிகாரச் சுற்றில், மெதுவாக, 'டிக்' என்று கேட்கும்வரை திருப்புங்கள். கம்ப்ரசர் நிற்கும். சில நிமிடங்களில் உள்ளே சுர்ரென்று நீர்த்துளி பொரியும் சத்தம் வந்தால் ஹீட்டர் பக்கம் நலம்; டைமர்தான் நகராமல் நின்றிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஹீட்டர், பைமெட்டல் (குளிரில் மூடி, சூட்டில் திறக்கும் சுவிட்ச்), தெர்மல் ஃபியூஸ் (அளவுமீறிச் சுட்டால் அறுந்துவிடுவது) மூன்றில் ஒன்று. கோளாறை இப்படிப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்பதால்தான் டைமர் வகை பழுதுபார்க்க எளிது.

எலக்ட்ரானிக் போர்டு வகையில் திருப்ப எதுவும் இல்லை. கம்ப்ரசர் ஓடிய நேரத்தையும் சென்சார் சொல்லும் குளிரையும் பார்த்துப் போர்டே ஹீட்டரைப் போடுகிறது. அதனாலேயே பலர் முதலில் போர்டை மாற்றிப் பணத்தை இழக்கிறார்கள். அது கடைசியாக வரவேண்டியது. பிளக்கைப் பிடுங்கி, போர்டிலிருந்து ஹீட்டர் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். 230 வோல்ட், 150 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 350 ஓம் வரும். அப்படி வந்தால் ஹீட்டரும் வழியிலுள்ள ஃபியூஸும் சரி. அடுத்தது சென்சார்: 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை, ஐஸ் தண்ணீரில் சுமார் 27 முதல் 33 கிலோ ஓம் காட்ட வேண்டும். 5 கிலோ ஓம் வகையும் உண்டு, மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். வயர் இணைப்பில் பச்சைக் களிம்பு படிந்திருந்தாலும் அளவு தவறும். இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே போர்டின் மேல் கைவையுங்கள்.

பைமெட்டலில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அறை வெப்பத்தில் அது திறந்தே இருக்கும். மீட்டரில் ஒன்றும் காட்டாது. கெட்டுவிட்டது என்று நல்லதையே தூக்கிப் போடுகிறார்கள். வெறும் ஐஸ் தண்ணீரும் போதாது. பிளாஸ்டிக் கவரில் போட்டு, உப்பு கலந்த ஐஸில் பத்து நிமிடம் புதைத்துவிட்டுப் பாருங்கள், அப்போது மூடவேண்டும். ஃபியூஸ் எந்தக் குளிரிலும் பூஜ்ஜிய ஓம் அருகில் காட்டும். அது அறுந்திருந்தால் பைமெட்டல் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அளவுமீறிச் சுட்டிருக்கலாம். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஃபியூஸை வயரால் இணைத்துவிடவே கூடாது, பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கும்.

உருக்கும்போது கத்தி வேண்டாம், அலுமினியக் காயில் ஓட்டையானால் கதை முடிந்தது. புதிய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது தீப்பற்றும் ஆர்600ஏ கேஸ், நெருப்பும் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, ஒரு நாள் கதவைத் திறந்து வையுங்கள். பிறகு வடிகால் துளையில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அது பின்னால் உள்ள தட்டில் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பலகையை மாட்டுங்கள்.