பேமிலி லிங்க் ஆப்: ஒன்பதாம் கிளாஸ் பையன் போன்ல போட்டுப் பார்த்ததுல தெரிஞ்சது

மொதல்லயே சொல்லிடுறேன், பிள்ளைங்க போன் பாக்குறத அப்படியே பாதியா கொறச்சிடலாம்னு நெனச்சு இத போடுறவங்களுக்கு அரை திருப்திதான் கிடைக்கும். ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு மேலயும் போர்வைக்குள்ள வெளிச்சம் தெரியுற வீடா இருந்தா யோசிக்காம போடலாம். நாங்க கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை பக்கம், பையன் ஒன்பதாம் கிளாஸ், அவங்க அப்பா குவைத்துல, வீட்டுல நானும் மாமியாரும் அவனும்தான். வீட்டுக்கதைய எதுக்கு சொல்றேன்னா இந்த ஆப் எவ்வளவு வேலை செய்யும்ங்கிறது வீட்டுல யாரெல்லாம் இருக்காங்கங்கிறத பொறுத்துதான், அதுக்கு பொறவு வாறேன்.

பிள்ளை போன நம்ம போன்ல இருந்தே பாத்து கட்டுப்படுத்துற கூகுளோட ஆப் இது, 2017ல வந்தது, காசு கிடையாது. நம்ம போன் ஆண்ட்ராய்டா ஐபோனா எதுவா இருந்தாலும் ஓடும், ஆனா பிள்ளை கையில இருக்கது ஐபோன்னா இதால நேரத்த கட்டுப்படுத்த முடியாது, அவங்களுக்கு ஐபோன் செட்டிங்ஸ்லயே ஸ்கிரீன் டைம்னு ஒண்ணு 2018ல இருந்தே இருக்கு, அத பாத்துக்கலாம். ஏற்கனவே சொந்தமா ஜிமெயில் வச்சிருக்க பதிமூணு வயசு தாண்டின பிள்ளைன்னா அவன் சம்மதிக்காம சேக்க முடியாது, அவன் போன்ல அவனே ஓகே குடுக்கணும். எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான். பக்கத்து வீட்டு அக்கா வேற ஒரு ஆப் சொன்னாங்க, பையனுக்கே தெரியாம அவன் மெசேஜ் எல்லாம் நமக்கு வருமாம், அப்படி ஒண்ணு எனக்கு வேண்டவே வேண்டாம்னுட்டேன். பேமிலி லிங்க் வாட்ஸ்அப்ல யாருகூட என்ன பேசுறான்னு காட்டாது, எந்த ஆப்ல எவ்வளவு நேரம் இருந்தான், போன் எங்க இருக்கு, புதுசா என்ன ஆப் ஏத்த கேக்கான், அவ்வளவுதான். போதும்.

இப்ப இந்த ஆப் காட்டுற சார்ட் விஷயம். தெனமும் எவ்வளவு நேரம்னு கம்பி கம்பியா காட்டும், கீழ ஆப் வாரியா பிரிச்சும் இருக்கும். ஸ்கூல் நாள்ல நான் பயந்த அளவு இல்ல, டியூசன் முடிஞ்சு வந்து சாயா குடிச்சிட்டு வைகிட்டு கொஞ்சம், சாப்பிட்ட பிறகு கொஞ்சம். ஞாயித்துக்கிழமைதான் ஏழு மணிநேரத்துக்கு பக்கத்துல போயிருந்துச்சு, பாத்த உடனே எனக்கு நெஞ்சு பக்குன்னுச்சு. செரின்னு அவன பக்கத்துல உக்கார வச்சு "மக்களே இது என்னதுன்னு நீயே சொல்லு"ன்னு கேட்டேன். அதுல பாதி யூடியூப், அது எதிர்பாத்ததுதான். அடுத்து வந்தது வீடியோ எடிட்டிங் ஆப், அது நான் கேள்விப்படாதது. கேரளா பிளாஸ்டர்ஸ் ஃபுட்பால் டீம் மேட்ச் துண்டு துண்டா வெட்டி பாட்டு போட்டு கூட்டுக்காரனுங்க குரூப்ல போடுறானாம், அதுக்கு மலையாளத்துல தலைப்பு வேற. எங்க பக்கம் ரெண்டு பாஷையும் ஓடும்தான், ஆனாலும் இவன் எழுத்து கூட்டி எழுதவே படிச்சிருக்கான்னு எனக்கு அன்னிக்குதான் மனசிலாச்சு. ரெண்டு மணிநேரம் உக்காந்து ஒண்ண உண்டாக்குறதையும் ரெண்டு மணிநேரம் கட்டைவிரலால தள்ளிக்கிட்டே கிடக்கதையும் சார்ட் ஒரே நெறத்துல ஒரே கம்பியாதான் காட்டும். ஷார்ட்ஸ்னு வாற குட்டி வீடியோ பாத்தானா, ஒரு மணிநேர மேத்ஸ் கிளாஸ் பாத்தானான்னும் பிரிச்சு சொல்லாது, எல்லாம் யூடியூப் கணக்குதான். அதனால மொத்த நம்பர மட்டும் பாத்து சத்தம் போடுறவங்க கொஞ்சம் பொறுங்க.

ஒரு சின்ன விஷயம், டிக்டாக்க 2020 ஜூன்ல தடை பண்ணாங்கள்ல, அதே வருஷம் செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ் மொதமொதல்ல நம்ம நாட்டுலதான் விட்டுப் பாத்தாங்க. என் பையன் அப்ப நாலாம் கிளாஸ், கொரோனா, ஸ்கூல் பூட்டிக் கிடக்கு, ஆன்லைன் கிளாஸுக்குன்னு போன கையில குடுத்தது நாமதான் எல்லாரும். இந்த பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்குறவங்களுக்கு சொன்னேன்.

நல்லா வேலை செய்யுறது டவுன்டைம்தான். எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும் போன் பூட்டணும்னு கிழமை வாரியா வைக்கலாம், நாங்க ஸ்கூல் நாள்ல பத்து மணி, வெள்ளி சனி பதினொண்ணு. பூட்டினாலும் கால் வந்தா எடுக்கலாம், அவசரத்துக்கு கூப்பிடலாம், நாம எப்பவும் திறந்திருக்கட்டும்னு குறிச்சு வச்ச ஆப் மட்டும் ஓடும். ஹோம்வொர்க் எல்லாம் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்லதானே வருது, அதனால முதல்ல வாட்ஸ்அப்ப அந்த லிஸ்ட்ல போட்டோம், பொறவு ராத்திரி முழுக்க ஸ்டிக்கர் பறக்குதுன்னு எடுத்துட்டோம், ஹோம்வொர்க்க பத்துக்கு முன்னாடியே பாத்து எழுதி வச்சுக்கணும்னு பேசி வச்சாச்சு. காலையில எழுப்புற சண்டை நல்லா கொறஞ்சிருக்கு, இதுக்காகவே அஞ்சுல நாலு ஸ்டார் குடுப்பேன்.

ஒரு நாளைக்கு மொத்தம் இவ்வளவு நேரம்தான்னு வைக்குற தெனசரி லிமிட் அப்படி இல்ல. அது ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி கணக்கு, அவன் அக்கவுண்ட் இல்லாத போன்ல என்ன பாத்தாலும் கணக்குலயே வராது. லிமிட் முடிஞ்ச உடனே பையன் பாட்டி பக்கத்துல ரொம்ப பாசமா போய் உக்காந்தான். மாமியார் யூடியூப்ல சாதாரணமா சாமி பாட்டும் மீன் குழம்பும்தான் வரும், திடீர்னு தொறந்தா கோல் கோலா வருது, அவங்களே வந்து "எம்போனுக்கு என்னமோ ஆச்சு பாரு"ன்னு காட்டுனாங்க, மாட்டிக்கிட்டான். ஹால் டிவியும் அப்படித்தான், யூடியூப் அதுலயும் இருக்கு.

இதவிட பெரிய ஓட்டை குவைத்துல இருந்து வந்துச்சு. அம்மா அப்பா ரெண்டு பேரையும் பேரன்ட்னு சேக்கலாம், ரெண்டு பேரும் எங்க இருந்தாலும் போனஸ் டைம்னு கூடுதல் நேரம் குடுக்கலாம். கல்ப்ல இருக்கவங்களுக்கு இது நல்ல வசதிதான், அங்க இருந்தே பிள்ளை கேக்குற ஆப்ப பாத்து அனுமதி குடுக்கலாம். ஆனா இங்க ராத்திரி பத்துன்னா அங்க ஏழரை, அவர் வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து பிள்ளை குரல கேட்டதும் எளகிப் போவாரு, "அரை மணிநேரம்தானே"ன்னு தட்டிவிட்ருவாரு. வருஷத்துக்கு ஒருதடவ வாற அப்பாகிட்ட மகன் கேட்டா குடுக்காம என்ன செய்வாரு, பாவம். கடைசில ரெண்டு பேரும் பேசி, பத்துக்கு மேல கேட்டா என்கிட்ட கேக்காம குடுக்க கூடாதுன்னு வச்சிருக்கோம். நீங்க போடுறதா இருந்தா செட்டிங்ஸ தொடுறதுக்கு முன்ன இத பேசி முடிச்சுக்கோங்க.

கேம், இன்ஸ்டா பத்தி ஒரு வரி. பிஜிஎம்ஐங்கிற துப்பாக்கி சண்டை கேம் தடைக்கு பொறவு 2023 மே மாசம் திரும்பி வந்தப்ப 18 வயசுக்கு கீழ ஒரு நாளைக்கு 3 மணிநேரம்னு கட்டுப்பாடு வச்சுதான் வந்துச்சு, ஆனா கேம்ல என்ன வயசு சொல்லியிருக்கான்னு நீங்களே ஒருதடவ பாத்துக்கோங்க. இன்ஸ்டாவுல டீன் அக்கவுண்ட்னு 2025ல இருந்து நம்ம நாட்டுலயும் இருக்கு, ராத்திரி 10ல இருந்து காலையில 7 வரைக்கும் நோட்டிபிகேஷன் சத்தம் போடாது, ஒரு மணிநேரம் ஆனா போதும்னு ஞாபகப்படுத்தும். ஞாபகம்தான் படுத்தும், பூட்டாது.

பத்து நிமிஷத்துல செட் பண்ணிடலாம், கடைக்கு காசு குடுத்து செய்ய வேண்டிய வேலையே இல்ல. ஒன்னே ஒன்னு, உங்க போன் பாஸ்வேர்ட் பிள்ளைக்கு தெரியும்னா அத முதல்ல மாத்துங்க.

எடிட்டிங் ஆப்ப மட்டும் லிமிட்ல இருந்து வெளிய எடுத்துத் தரச் சொல்லி இப்ப கேட்டுட்டு இருக்கான். நான் முடியாதுன்னும் சொல்லல, செரின்னும் சொல்லல, அடுத்த வருஷம் பத்தாம் கிளாஸ் வேற. அவர் லீவுக்கு வாறப்ப மூணு பேரும் உக்காந்து பேசிக்கலாம்னு விட்டிருக்கேன்.