வால்கிரிண்ட் மெம்செக்: டெஸ்ட் ஃபிரேம்வொர்க்கையே சோதிக்க ஒரு கருவி

டெஸ்ட் ஓடி முடிந்ததும் புராசஸ் போய்விடும், மெமரியை ஆப்பரேட்டிங் சிஸ்டம் எடுத்துக்கொள்ளும், டெஸ்டுகளை ஓட்டும் ஃபிரேம்வொர்க் தான் வாங்கிய மெமரியை ஃப்ரீ செய்யாவிட்டால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஃபிரேம்வொர்க்கே லீக் செய்தால், அதாவது வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டால், மெம்செக்கின் ரிப்போர்ட் பக்கம் பக்கமாக நீளும்; நாம் சோதிக்கும் லைப்ரரியில் இருக்கும் நிஜமான லீக் அதற்குள் காணாமல் போகும். கொஞ்ச நாளில் அந்த ரிப்போர்ட்டை யாரும் திறக்கக்கூட மாட்டார்கள்.

எங்கள் டீமே சி-யில் எழுதிய ஃபிரேம்வொர்க்கைச் சுத்தம் செய்ய உதவியது மெம்செக்தான். ஜூலியன் சீவர்ட் உருவாக்கிய வால்கிரிண்ட் என்ற கருவித் தொகுப்பில், மெமரி பிழைகளைக் கண்டுபிடிக்கும் முக்கியமான கருவி இது; வால்கிரிண்டின் 1.0 பதிப்பு 2002-இல் வந்தது. இலவசம். புரோகிராமை மறுபடி கம்பைல் செய்யாமலே ஓட்டலாம். டீபக் தகவலோடு கம்பைல் செய்திருந்தால் மாலாக் மூலம் மெமரி வாங்கிய வரி எண்ணையே காட்டிவிடும்.

எங்களுக்குக் காட்டியது இது: டெஸ்டின் பெயரை ஸ்ட்ர்டப் (புது மெமரி வாங்கி அதில் நகலெடுக்கும் சி ஃபங்ஷன்) மூலம் நகலெடுத்து லிங்க்ட் லிஸ்ட்டில், அதாவது ஒன்று அடுத்ததைச் சுட்டும் நோடுகளின் சங்கிலியில், வைக்கிறோம். கடைசியில் நோடை மட்டும் ஃப்ரீ செய்தோம். நோடு போனதும் பெயரைச் சுட்டும் பாயிண்டரும் போய்விட்டது. அதனால் ஒவ்வொரு பெயரும் 'டெஃபினட்லி லாஸ்ட்', அதாவது எந்த பாயிண்டரும் சுட்டாமல் நிச்சயமாகத் தொலைந்த மெமரி. முதலில் பெயர், பிறகு நோடு என்று ஃப்ரீ செய்ததும் அந்தப் பகுதி காலியானது. அடுத்த நோடின் முகவரியை முன்பே எடுத்து வைக்காமல் ஃப்ரீ செய்தால் 'இன்வேலிட் ரீட்' (ஃப்ரீ ஆன மெமரியைப் படித்த பிழை) என்று அதையும் பிடித்துவிடும்.

இதைவிடச் சிக்கலானது, அசர்ட் (டெஸ்டில் எழுதும் சரிபார்ப்பு) தோற்கும்போது லாங்ஜம்ப் செய்து, அதாவது ஃபங்ஷனின் நடுவிலிருந்தே தாவி, வெளியேறுவது. டெஸ்டுக்குள் கீழே எழுதியிருக்கும் ஃப்ரீ வரிகள் ஓடவே ஓடாது. மெமரி வாங்குவதை டெஸ்டுக்கு முன் ஓடும் செட்டப்புக்கு மாற்றி, டெஸ்ட் தோற்றாலும் கடைசியில் சுத்தம் செய்யும் டியர்டவுன் கட்டாயம் ஓடும்படி செய்தோம். எந்தப் பிழைகளைக் காட்ட வேண்டாம் என்று மெம்செக்கிடம் சொல்லும் சப்ரஷன் ஃபைலில் போட்டு மூடிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. நம் சொந்தக் கோடுக்கு அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குறை என்றால் வேகம். 20 முதல் 30 மடங்கு மெதுவாகும் என்று அதன் கையேடே சொல்கிறது. கம்பைலரோடு வரும் மெமரி சோதனைக் கருவியான அட்ரஸ் சானிடைசர் இதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் அதற்கு கோடை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், மதிப்பு கொடுக்காத வேரியபிளை அது பிடிக்காது. நாங்கள் பகலில் அதையும் இரவு பில்டில் மெம்செக்கையும் ஓட்டுகிறோம்.

டெஸ்டுக்கு ஒரு ஃபோர்க் (புராசஸைப் பிரதியெடுத்துப் புதிய சைல்டு புராசஸ் தொடங்குவது) என்று ஓடும் ஃபிரேம்வொர்க் என்றால், ஒவ்வொரு சைல்டும் பேரன்ட் புராசஸின் மெமரியைச் சுமந்துகொண்டு தனி ரிப்போர்ட் கொடுக்கும். ஃபோர்க்கை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்; 'செக்' என்ற சி டெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் அதற்கு என்விரான்மென்ட் வேரியபிளே இருக்கிறது.

மெம்செக்கை ஓட்டும்போது லீக்-செக் ஆப்ஷனை ஃபுல் என்று வைத்து, பிழை இருந்தால் எந்த எக்ஸிட் கோடைத் தர வேண்டும் என்று சொல்லும் எரர்-எக்ஸிட்கோடையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் லீக் இருந்தாலும் டெஸ்ட் புரோகிராமின் எக்ஸிட் கோடே திரும்பி வரும், பில்ட் பச்சையாகவே இருக்கும்.