வெண்கலம் என்று சொல்லி சிமெண்டை விற்கிறார்கள்: துருவப் பயணிகள் சிலை செட் வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை, முக்கியமாகக் கப்பல் வேலை பார்த்துவிட்டு ஊரில் வந்து உட்கார்ந்திருக்கிற ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில், ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமுன்சென், ஸ்காட், ஷாக்கிள்டன், நான்சென் என்று நான்கு துருவப் பயணிகளின் மார்பளவுச் சிலைகள். அசல் வெண்கலம், மொத்தமே நூறு செட், வரிசை எண்ணும் சான்றிதழும் உண்டு, விலை 38,000 ரூபாய். தயவுசெய்து வாங்காதீர்கள். நான் வாங்கினேன். வந்தது வெண்கலம் இல்லை. நால்வரில் மூன்று பேர் அந்த ஆட்களே இல்லை.

மண்டபம் ஊரில் வெயிலில் வேகிற மனுஷனுக்குப் பனிக்கட்டி ஆட்களின் சிலை எதற்கு என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் இருந்த காலத்தில் ஒருமுறை ஆஸ்லோவில் இறங்கி, ஃப்ராம் கப்பலை வைத்திருக்கிற மியூசியத்துக்குப் போனேன். நான்சென் 1893இல் அந்தக் கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் உறைய விட்டு, பனி நகர்கிற போக்கிலேயே மூன்று வருஷம் மிதக்க விட்டார். பனி நெருக்கினால் கப்பல் நொறுங்காமல் மேலே எழும்பிவிடுகிற மாதிரி அடிப்பக்கத்தை உருண்டையாகக் கட்டியிருந்தார்கள். அதே கப்பலில்தான் பிற்பாடு அமுன்சென் தெற்கே போய் 1911 டிசம்பர் 14இல் தென் துருவத்தைத் தொட்டார். எஞ்சின் ரூம் ஆளுக்கு அந்த அடிப்பக்கத்தைப் பார்த்தால் போதும், பைத்தியம் பிடித்துவிடும். அன்றிலிருந்து கிடைத்ததை எல்லாம் அலமாரியில் சேர்த்து வருகிறேன்.

இந்த விற்பனையாளர் வடக்கே ஒரு நகரத்தில் இருப்பதாகச் சொன்னார். நான் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். வீடியோ காலில் அமுன்சென் சிலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அந்தக் கழுகு மூக்கு, கண்ணோரச் சுருக்கம், எல்லாம் கச்சிதம். சாவியால் தட்டச் சொன்னேன், தட்டினார், கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்டது. தராசில் வைக்கச் சொன்னேன், வைத்தார், 4 கிலோ 200 கிராம். பாதிப் பணம் முன்பணம், மீதி கூரியர் ரசீது வந்த பிறகு என்று பேசி முடித்தோம். ரசீதில் எடையும் சரியாகவே இருந்தது. அப்படியானால் அவர் காட்டியது ஒரு சிலை, அனுப்பியது வேறு சிலை. காட்டுவதற்கென்று நல்ல வார்ப்பு ஒன்றைக் கையில் வைத்திருக்கிறார்கள். இதுதான் இந்த மோசடியின் முதல் படி.

பெட்டியைப் பிரிக்கும்போது தங்கச்சி மகன் செல்போனில் படம் எடுத்தான். கூரியர் ஸ்டிக்கரிலிருந்து கடைசித் தெர்மாகோல் துண்டு வரை வெட்டாமல் ஒரே வீடியோ. இன்றைக்கு என் கையில் இருக்கிற பெரிய சாட்சி அதுதான்.

தூக்கிப் பார்த்ததுமே கை ஏதோ சொன்னது. எடை இருக்கிறது, ஆனால் எடை முழுக்க அடியில் இருக்கிறது. தலைப்பக்கம் லேசு. தட்டினால் டொக்கென்று கேட்டது. அடிப்பாகத்தில் பச்சை வெல்வெட் துணியை நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஃபைபர் படகு கட்டுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் வந்து துணியைக் கொஞ்சம் பிரித்து, கத்தி முனையால் ஓரத்தைச் சுரண்டி, மூக்கில் வைத்துப் பார்த்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அண்ணே, இது நம்ம போட்டுக்கு ஊத்துற ரெசின்ண்ணே. ஹார்டனரக் கம்மியாப் போட்டுருக்கான், அதான் வாடை இன்னும் போகல."

பாலிஸ்டர் ரெசின் என்பது ஹார்டனர் கலந்து இறுக வைக்கிற பிளாஸ்டிக் பிசின்; அது சரியாக இறுகாவிட்டால் அதிலிருக்கிற ஸ்டைரீன் என்கிற ரசாயனத்தின் வாடை நாள்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். நம் கரையில் ஃபைபர் படகுப் பட்டறைப் பக்கம் நடந்த யாருக்கும் அந்த நெடி தெரியும். உங்களுக்கு வந்த சிலை மேல் சந்தேகம் இருந்தால் பக்கத்துப் பட்டறையில் ஒரு ஆளைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிபுணரும் தேவையில்லை.

நான்சென் சிலையை மட்டும், அதையும் வீடியோ எடுத்துக்கொண்டே, அறுத்தோம். மேலே வெண்கல நிற ஸ்ப்ரே பெயிண்ட், அதற்கு உள்ளே ரெசின், அடியில் நெஞ்சு வரைக்கும் சிமெண்டு. சிமெண்டுக்குள் துருப்பிடித்த நட்டு போல்ட்டுகள். அடியிலிருந்து கழுத்து வரை ஒரு இரும்புக் கம்பி. சொன்ன 4 கிலோ 200 கிராம் வரவேண்டும் என்று அளந்து ஊற்றியிருக்கிறார்கள். அந்த உழைப்பை நினைத்தால் ஒரு பக்கம் மரியாதையே வருகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் பலரும் எடையை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். வெண்கலம் தண்ணீரைப் போல எட்டரை மடங்குக்கு மேல் கனம். ஒரு சாண் உயரத்துக்கு மார்பும் தலையுமாக ஒரு சிலையைக் கெட்டியாக வார்த்தால் பத்து கிலோவை எளிதாகத் தாண்டிவிடும், ஒற்றைக் கையால் அலமாரியில் வைக்க முடியாது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு வார்ப்பில் செய்கிற சாமி விக்கிரகங்கள் கெட்டி வார்ப்பு, அதனால்தான் அந்தக் கனம். மார்பளவுச் சிலைகளைப் பொதுவாக உள்ளே கூடாகவே வார்ப்பார்கள். உள்ளே வைக்கிற உருவமான உட்கருவின் மேல் மெழுகைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, வெளியே அச்சு மூடிச் சூடாக்கினால், மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் இறங்கும். அப்படி வார்த்த சிலையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் உள்ளே குழிவாக, சொரசொரப்பாக, உலோகத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். ஆகவே இந்த அளவுச் சிலை, நாலு கிலோ, அடிப்பாகம் முழுக்க அடைப்பு, மேலே வெல்வெட் துணி என்று வந்தால், துணியைப் பிரித்து அடியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். முகத்தைக் காட்டுவதற்குத்தான் அவர்களிடம் நல்ல சிலை இருக்கிறதே. அதனால் அனுப்பப்போகிற அதே சிலையின் அடியில் உங்கள் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

ரெசின் சிலை விற்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. வெண்கலப் பொடியை ரெசினில் கலந்து ஊற்றி, மேலே தேய்த்துப் பளபளப்பாக்குகிற முறை உலகம் முழுக்க இருக்கிறது. நல்ல அச்சாக இருந்தால் பார்க்கவும் அழகாக இருக்கும். ரெசின் என்று சொல்லி ரெசின் விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். இவர்கள் கலந்தது பொடிகூட இல்லை, வெறும் பெயிண்ட்.

அடுத்தது முகங்கள். அமுன்சென் சிலையையும் நான்சென் சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மண்டை. ஒன்றுக்குப் பெரிய மீசை, இன்னொன்றுக்குச் சின்ன மீசை, அவ்வளவுதான் வித்தியாசம். காது மடல் அச்சு அசலாக ஒன்று. இடது காதுக்குக் கீழே இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் ஒரு காற்றுக்குமிழித் தழும்பு. ஒரே அச்சிலிருந்து எடுத்து மீசையை மட்டும் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். அந்த மண்டை யாருடையது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வீடியோ காலில் பார்த்த கழுகு மூக்கு அதில் இல்லை. ஸ்காட் பெரும்பாலான படங்களில் தாடி மீசை மழித்த முகம். எனக்கு வந்த ஸ்காட்டுக்கு நெஞ்சு வரை தாடி. ஷாக்கிள்டன் மட்டும் ஓரளவு ஷாக்கிள்டன் மாதிரி இருந்தார். அந்தச் சதுரத் தாடையும் நடு வகிடும் சரிதான். ஆனால் அவர் பெயர்ப்பலகையில் 'தென் துருவத்தை அடைந்த வீரர்' என்று போட்டிருந்தார்கள். 1909 ஜனவரி 9இல் துருவத்துக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் இருக்கும்போது, இதற்கு மேல் போனால் ஆட்கள் உயிரோடு திரும்பமாட்டார்கள் என்று அவர் திரும்பி வந்தார். அப்புறம் 1915இல் எண்டியூரன்ஸ் கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கி, கப்பலில் இருந்த 28 பேரும் உயிர் பிழைத்தார்கள். அந்த ஆளின் பெருமையே போகாமல் திரும்பி வந்ததில்தான் இருக்கிறது. அதைத் தெரியாதவன் அவருக்குச் சிலை விற்கிறான்.

பெட்டிக்குள் இருந்த சான்றிதழ் தனிக் கூத்து. நான்கு சிலைகளும் ஸ்காட்டின் மனைவி கேத்லீன் 1913இல் செய்த அச்சுகளிலிருந்து வார்த்தவையாம். கேத்லீன் ஸ்காட் நிஜமாகவே பெரிய சிற்பி. லண்டன் வாட்டர்லூ பிளேஸில் நிற்கிற ஸ்காட்டின் வெண்கலச் சிலை அவர் கைவேலைதான். இப்படிக் கொஞ்சம் நிஜத்தைக் கலந்தால்தான் விஷயம் தெரிந்தவனும் தலையாட்டுவான். ஆனால் அமுன்சென் சிலையின் முதுகில், பெயர்ப்பலகையில் இல்லை, அச்சிலேயே எழும்பி வருகிற மாதிரி, 1872–1928 என்று இருக்கிறது. 1928 ஜூனில், ஆர்க்டிக்கில் விழுந்த இத்தாலிய ஆகாயக் கப்பலின் ஆட்களைத் தேடி விமானத்தில் போன அமுன்சென் திரும்பவே இல்லை. அவர் சாகப்போகிற வருஷத்தை 1913லேயே அச்சில் பொறித்து வைத்த சிற்பியை இவர்கள்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வரிசை எண் 47/100. என்னோடு கப்பலில் இருந்த ஒரு நண்பர் தூத்துக்குடியில் அதே செட்டை வாங்கியிருக்கிறார். அவருக்கும் 47/100. சான்றிதழில் இருந்த கையெழுத்துகூட ஒரே இடத்தில் ஒரே மாதிரி மை தீற்றியிருந்தது.

விற்றவரிடம் கேட்டபோது முதலில் பதிலே இல்லை. அதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து, ஸ்காட்டின் கழுத்தில் செம்பழுப்பாக நீர் கசிந்து, தோளில் கீறல் விழுந்தது. உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்து வீங்கினால் வெளியே இருப்பதைப் பிளக்கும். கடலோரத்தில் காங்கிரீட் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மச்சு பெயர்ந்து விழுகிற கதை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தப் படத்தை அனுப்பியதும்தான் பதில் வந்தது. நீங்கள் கடலோரத்தில் வைத்ததால் வெண்கலம் கெட்டுவிட்டது, பராமரிப்பு சரியில்லை, வேண்டுமானால் 2,500 ரூபாய்க்குப் பாலிஷ் கிட் அனுப்புகிறோம் என்று. விசைப்படகின் புரொப்பல்லரே வெண்கல வகையைச் சேர்ந்த உலோகம்தான். உப்புத் தண்ணீருக்குள்ளேயே வருஷக்கணக்கில் சுற்றுகிறது. நல்ல வெண்கலம் கடல் காற்றில் கறுக்கும், பச்சை படியும், செம்பழுப்பில் துரு வழியாது. துரு என்றால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். இதை எழுதி அனுப்பிய பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு உதவும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார். அதற்கு விற்றவர் பக்கமிருந்து பதில் வரவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019ஆம் வருஷச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு ஓடத் தேவையில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பணம் போட்ட கையோடு ஏமாந்தது தெரிந்தால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாள் கடந்தால் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும்.

இப்போது இதே செட்டை ராமேஸ்வரம் பக்கம் சங்கு, சிப்பிப் பொருள் விற்கிற கடைகளில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கடைக்காரர்களில் பலருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே இருக்கலாம், அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். சிலையைக் கவிழ்த்து அடியைக் காட்டச் சொன்னால் போதும்.

உங்களிடம் இந்த செட் இருந்து, அதுவும் 47/100 என்றால், உடைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ், கூரியர் ரசீது, பணம் போன ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஒரே எண்ணில் மூன்றாவது செட் கிடைத்தால் ஆணையத்தில் தன் வேலை பாதியாகக் குறையும் என்கிறார் என் வக்கீல்.