யோக் ஆய்வேட்டு மையம்: துருக்கிய ஆய்வுநடையைப் படிக்க எவ்வளவு உதவும்?

துருக்கிய ஆய்வுரை வாசகரை எப்படிக் கைப்பிடித்து நடத்துகிறது, அந்த நடை காலத்தோடு எப்படி மாறியது என்று பார்க்க விரும்பினால், அந்நாட்டு உயர்கல்விக் குழுவான யோக் நடத்தும் தேசிய ஆய்வேட்டு மையத்தின் தளத்தில்தான் தொடங்க வேண்டும். கட்டணம் கிடையாது. 2018இல் வந்த சட்டத் திருத்தம், தடை விதிக்கப்படாத ஆய்வேடுகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பல பத்தாண்டுகளின் துருக்கிய ஆய்வுநடை ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய வரம்.

பெரிய குறை தேடலில் இருக்கிறது. தலைப்பு, ஆசிரியர், நெறியாளர், பொருள், குறிச்சொல், சுருக்கம் ஆகியவற்றில்தான் தேட முடியும். ஆய்வேட்டின் உள்ளே தேட முடியாது. விரிவான தேடலில் ஆண்டு, மொழி, முனைவர் பட்டம் என்று வடிகட்டி, பிடிஎஃப் கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஆய்வேட்டு எண்ணையே கோப்பின் பெயராக வையுங்கள். பின்னால் அந்த ஏட்டைத் தேடி எடுக்க அதுதான் உறுதியான வழி. புதியவை எளிதாகக் கிடைக்கும் என்பதற்காக அவற்றையே குவித்தால் ஒப்பீடு சாய்ந்துவிடும். ஒரே துறையில், பத்தாண்டுக்கு 20 ஏடுகள் என்று சமமாக எடுப்பது நல்லது.

அடுத்து, நடையின் மாற்றத்தை அளக்க, வாசகரை வழிநடத்தும் சொற்களில் எவற்றை எண்ணுவது? பலரும் சறுக்குவது இங்கேதான். 1932இல் துருக்கிய மொழிக் கழகம் உருவானபின் அரபு, பாரசீகச் சொற்களை விலக்கும் முயற்சி வலுத்தது. ‘மெசெலா’வுக்குப் பதில் ‘ஓர்நெயின்’ (எடுத்துக்காட்டாக), ‘நெதிஜெ’வுக்குப் பதில் ‘சொனுச்’ (முடிவு), ‘ஷுப்ஹெசிஸ்’ இருந்த இடத்தில் ‘குஷ்குசுஸ்’ (ஐயமின்றி) என்று புழங்கலாயின. நம் ‘உதாரணமாக’வும் ‘எடுத்துக்காட்டாக’வும் போலத்தான், பழையது முழுதாக மறையவும் இல்லை. புதிய சொல்லை மட்டும் எண்ணினால், பழைய ஆசிரியர்கள் வாசகருக்கு எடுத்துக்காட்டே தரவில்லை என்ற பொய்யான முடிவு வரும். ஒவ்வொரு பணிக்கும் இரண்டு வடிவங்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

விகுதிகள் இன்னும் நுட்பமானவை. ‘பிஸ்’ (நாம்) என்ற சொல்லைத் தேடினால் ஆசிரியர் தன்னைக் குறிக்கும் இடங்களில் பெரும்பாலானவை தப்பிவிடும். ‘இன்ஜெலெதிக்’ (ஆராய்ந்தோம்), ‘சாலிஷ்மாமிஸ்தா’ (நம் ஆய்வில்) என்று ‘நாம்’ வினையிலும் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘சொய்லெனெபிலிர்’ என்பதில் நம் ‘எனலாம்’ போலவே ஒரே சொல்லுக்குள் செயப்பாட்டும் தயக்கமும் அடக்கம். தமிழ் அறிந்தவருக்கு இது உடனே பிடிபடும். இதே காரணத்தால், ஆயிரம் சொல்லுக்கு இத்தனை என்ற கணக்கில் துருக்கியத்தை ஆங்கிலத்தோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. துருக்கியத்தில் ஒரு சொல் சுமப்பதை ஆங்கிலம் மூன்று நான்கு சொற்களில் பிரித்து எழுதும். ‘அன்ஜாக்’ வந்தால் வரியைப் படித்தே தீர வேண்டும்: அது ‘ஆனால்’ என்றும் பொருள்படும், ‘மட்டுமே’ என்றும் பொருள்படும்.

பழைய ஏடுகள் பல வெறும் வருடிய படங்கள். படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரி மென்பொருளில் மொழியைத் துருக்கியம் என்று அமைக்காவிட்டால், அம்மொழியில் இரு தனி எழுத்துகளான புள்ளி உள்ள ‘இ’யும் (i) புள்ளியற்றதும் (ı) கலந்துபோகும். பெரிய எழுத்தைச் சிறியதாக்கும் வழக்கமான நிரல்களும் இதே தவற்றைச் செய்யும். அதனால், வாக்கியத்தின் முதல் சொல்லாக இந்த எழுத்துகளில் தொடங்கி வரும் இணைப்புச்சொற்கள் எண்ணிக்கையிலிருந்து நழுவிவிடும். வாசகரை வழிநடத்தும் சொற்கள் அதிகம் நிற்பதே வாக்கியத் தொடக்கத்தில்தான் என்பதால் இது சிறிய இழப்பு அல்ல. எண்ணத் தொடங்கும் முன் 5 பக்கங்களையாவது மூலத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

ஏடுகளை இறக்குவதற்கு முன் சொற்பட்டியலைச் சோதித்துப் பார்க்க, மெர்சின் பல்கலைக்கழகத்தில் உருவான துருக்கியத் தேசியச் சொல்தொகுப்பு கைகொடுக்கும். ஏறத்தாழ 5 கோடிச் சொற்கள், சொல்லை வாக்கியத்தோடு காட்டும் தேடல். ஆனால் அதன் உரைகள் 1990இலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய நடைக்கு மறுபடி யோக் தளத்துக்கே வர வேண்டும்.